கணிப்பொறிக்கு மொழி தந்த கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

மேல்நிலை வகுப்பில் கணிப்பொறி அறிவியலை விருப்பப் பாடமாக எடுத்த மாணவியர் உள்ள இல்லங்களில் இன்று அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. இணையப் பக்கங்களை உருவாக்க எந்த மொழியைக் கற்பது? ஜாவாஸ்கிரிப்டா, பி.எச்.பி.யா, பைத்தானா? பக்கத்து வீட்டு அண்ணன் ஒன்றைச் சொல்வார். சித்தப்பா மற்றொன்றைச் சொல்வார். பயிற்சி நிலையத்தாரோ தாங்கள் நடத்துவதையே சிறந்தது என்பர். கேள்வி கேட்ட பெண் குழம்பி நிற்பாள்.

இந்தக் கேள்வி இன்று நேற்று பிறந்ததன்று. கணிப்பொறிக்கு மொழி என்ற ஒன்றே இல்லாதிருந்த நாளில், அதற்கு எத்தகைய மொழி வேண்டும், அதைக் கையாளத் தகுதியுடையோர் யார் என்று தம் மேலதிகாரிகளோடு ஆண்டுக்கணக்கில் வாதாடி வென்றவர் ஒரு பெண்மணி. அமெரிக்கக் கடற்படையில் ரியர் அட்மிரல் பதவி வரை உயர்ந்த கிரேஸ் முர்ரே ஹாப்பர் அம்மையார்தாம் அவர்.

1906 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9 ஆம் நாள் நியூயார்க் நகரில், மூன்று குழந்தைகளுள் மூத்தவராக அவர் பிறந்தார். தந்தையார் வால்டர் முர்ரே காப்பீட்டுத் தொழில் செய்தவர். நோயினால் கால்களை இழந்தவர். தமக்கு ஏதேனும் நேர்ந்தாலும் தம் பெண்மக்கள் பிறர் கையை எதிர்பாராமல் வாழவேண்டும் என்று கருதி, மகனுக்கு அளித்த கல்வியையே மகளிர்க்கும் அளித்தார். தாயார் மேரிக்குக் கணிதத்தில் தீராத ஆசை. நில அளவைப் பொறியாளராக இருந்த தாத்தா அளவெடுக்கச் செல்லும்போது குழந்தை கிரேஸ் உடன் சென்று, சிவப்பு வெள்ளைக் கோல் பிடித்து நிற்பதுண்டாம்.

ஏழு வயதில் அவர் செய்த குறும்பு ஒன்று பலரும் அறிந்தது. கோடை விடுமுறை இல்லத்தில் அலாரம் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று அறிய ஒன்றைப் பிரித்தார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. எப்படிப் பூட்டுவது என்று பார்க்க அடுத்ததைப் பிரித்தார். இப்படியே வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் பிரிந்து கிடந்தன! தாயார் அடிக்கவில்லை. இனிப் பிரிப்பதற்கு ஒரே ஒரு கடிகாரம்தான் என்று வரையறுத்து விட்டார். அத்தாயின் பொறுமைக்கு உலகம் எவ்வளவோ கடன்பட்டிருக்கிறது.

வாசர் மகளிர் கல்லூரியில் சேர 16 வயதில் விண்ணப்பித்தபோது இடம் கிடைக்கவில்லை. காரணம் கணிதமன்று; இலத்தீன் மொழியில் மதிப்பெண் குறைவு! ஓராண்டு காத்திருந்து படித்துச் சேர்ந்தார். 1928 இல் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் பெற்று, யேல் பல்கலைக்கழகத்தில் 1930 இல் முதுகலையும் 1934 இல் கணிதத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். 1930 இல் வின்சென்ட் ஹாப்பர் என்ற பேராசிரியரை மணந்தார். 1931 முதல் தாம் படித்த வாசர் கல்லூரியிலேயே ஆசிரியப் பணி.

அங்கே அவர் கணித வகுப்பில் மாணவியரைக் கட்டுரை எழுதச் சொல்வார். ஒரு வாய்பாட்டைப் பற்றி எழுதவேண்டும். எழுதியதைத் திருத்தி, மொழிப்பிழைக்கும் தெளிவின்மைக்கும் மதிப்பெண் குறைப்பார். இது கணித வகுப்பா, ஆங்கில வகுப்பா என்று மாணவியர் முணுமுணுத்தனர். தான் அறிந்ததைப் பிறருக்கு விளங்கச் சொல்லத் தெரியாதவருக்குக் கணிதம் கற்றும் பயனில்லை என்பது அவர் கொடுத்த மறுமொழி. இலத்தீனில் தோற்றுத் திரும்பிய பெண் இவ்வாறு பேசியது வியப்பன்று. பின்னாளில் அவர் ஆற்றிய பெரும்பணிக்கெல்லாம் வித்து இங்கேயே ஊன்றப்பட்டது என்பது எளியேனின் கருத்து.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. கடற்படை அட்மிரலாக இருந்த கொள்ளுத்தாத்தாவின் நினைவு அவரை ஈர்த்தது. கடற்படையில் சேர விரும்பினார். வயது கூடுதல் என்றனர். எடையோ 105 பவுண்டுதான், வேண்டிய அளவினும் 15 பவுண்டு குறைவு. அதற்கும் மேலாக, கணிதப் பேராசிரியர் கல்லூரியில் இருப்பதே நாட்டுக்கு நன்மை என்றனர். அவரோ விடவில்லை. விதிவிலக்குப் பெற்று 1943 டிசம்பரில் கடற்படையின் மகளிர் துணைப்படையில் சேர்ந்து, பயிற்சியில் முதலாவதாகத் தேறினார். 1944 ஜூலையில் அவரை அனுப்பிய இடம் கப்பலன்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு கீழ்த்தளம்.

அங்கே நின்றது மார்க் 1 என்னும் கணிப்பொறி. நீளம் 51 அடி, உயரம் 8 அடி. ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்புகள். ஒரு விநாடியில் மூன்று கூட்டல்கள் செய்யும். நம் கைப்பேசியை எண்ணி நகைக்க வேண்டாம். அந்நாளில் அது அதிசயம். தலைவர் ஹோவர்டு ஐக்கன் மிகக் கண்டிப்பானவர். புதிதாய் வந்தவரை வரவேற்பதற்குப் பதில், இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கடிந்து, கடினமான கணக்கொன்றைக் கொடுத்து அடுத்த வியாழக்கிழமைக்குள் முடிக்கச் சொன்னாராம். இயந்திரம் எப்படி இயங்குகிறது என்றே அறியாத ஹாப்பர், அங்கிருந்த இளைஞர்களிடம் பாடம் கேட்டு முடித்தார். விரைவில் அக்கணிப்பொறிக்கு 561 பக்கமுள்ள கையேட்டை எழுதும் பொறுப்பும் அவருடையதாயிற்று. 1946 இல் அது அச்சேறியது.

அந்நாளில் கணிப்பொறிக்குக் கட்டளை இடுவது எவ்வாறு என்பதைச் சொன்னால்தான் அவர் செய்த பணியின் அருமை விளங்கும். காகித நாடாவில் துளையிட்டு, ஒவ்வொரு சிறு செயலையும் எண்களாலேயே சொல்லவேண்டும். இந்த அறையிலுள்ள எண்ணை எடு, அந்த அறையிலுள்ளதோடு கூட்டு, விடையை வேறோர் அறையில் வை என்று அடிதோறும் எண்கள். இதற்கு இயந்திர மொழி என்று பெயர். கணிதத்தில் தேர்ந்தவர்க்கே அது கைவரும். அவர்களுக்கும் ஓர் எண் பிறழ்ந்தால் எல்லாம் பாழ்.

1947 செப்டம்பர் 9 ஆம் நாள், மார்க் 2 என்ற அடுத்த கணிப்பொறி நின்றுபோயிற்று. திறந்து பார்த்தால் உள்ளே ஓர் அந்துப்பூச்சி சிக்கிக் கிடந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்தப் பக்கம் அமெரிக்க அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. பிழைக்குப் பூச்சி என்று பெயர் வந்தது அன்றுதான் எனப் பலர் எழுதுகின்றனர், அது சரியன்று. பொறியாளர் அச்சொல்லை முன்பே வழங்கி வந்தனர். பூச்சியைக் கண்டெடுத்தவரும் ஹாப்பர் அல்லர். அக்கதையை ஊரெல்லாம் சுவைபடச் சொன்னவர் அவர்.

போருக்குப் பின் அவருடைய வாழ்வில் இருள் சூழ்ந்தது. 1945 இல் மணவாழ்வு முறிந்தது. ஹார்வர்டில் பெண்ணுக்கு நிரந்தர இடமில்லை. இரவு பகல் பாராத உழைப்பும் தனிமையும் அவரை மதுப்பழக்கத்தில் தள்ளின. பெரியோர் வரலாறு என்பதற்காக இதை மறைப்பதற்கில்லை. நண்பர்கள் இடித்துரைத்தனர், அவர் எழுந்து நின்றார். 1949 இல் பிலடெல்பியா நகரில் எக்கெர்ட், மாக்லி என்னும் இருவர் நடத்திய சிறு நிறுவனத்தில் சேர்ந்தார். யூனிவாக் கணிப்பொறி பிறந்தது அங்கேதான்.

அவ்விடத்தில் எட்டைப் பத்து என்று எழுதும் எட்டின் அடிமான எண்முறையில் கணக்கிட்டுப் பழகினார். சில திங்களில் தம் வங்கிக் கணக்கு ஒத்து வராமல் தவித்தார். வங்கியாளரான தம்பி பல மாலை அமர்ந்து ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். அக்காள் காசோலைப் புத்தகத்திலும் எட்டின் முறையிலேயே கழித்துக்கொண்டிருந்தார்! நூறில் இருபத்தைந்து போனால் எழுபத்தைந்து என்பது நம் முறை. அவர் முறையில் ஐம்பத்து மூன்று. எல்லோரும் சிரித்தனர். ஹாப்பரோ சிந்தித்தார். மனிதன் இயந்திரத்தின் மொழிக்குத் தன்னை வளைத்துக்கொள்வது ஏன்? இயந்திரம் மனிதனுடைய மொழிக்கு இறங்கி வரலாகாதா?

இன்னொன்றையும் அவர் கவனித்தார். அடிக்கடி தேவைப்படும் கணக்குமுறைகளைத் தோழர்கள் தத்தம் குறிப்பேட்டில் எழுதி வைத்து, ஒருவரிடமிருந்து ஒருவர் பார்த்து எழுதினர். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது நமக்கு நேர்வதே அவர்களுக்கும் நேர்ந்தது. பி என்ற ஆங்கில எழுத்து 13 ஆகிவிடும்! ஆகவே அம்முறைகளுக்கெல்லாம் எண் கொடுத்து நாடாவில் சேமித்து, வேண்டியதைப் பெயர் சொல்லி அழைத்தால் கணிப்பொறியே எடுத்துக் கோத்துக்கொள்ளுமாறு 1952 இல் ஓர் ஏற்பாடு செய்து முடித்தார். அதற்குக் கம்பைலர் என்று பெயரிட்டார். கணிப்பொறி கூட்டும், கழிக்கும். தனக்கான கட்டளையைத் தானே எழுதாது என்று பலரும் நம்ப மறுத்தனர். ஓடும் கம்பைலரைக் கையில் வைத்துக்கொண்டும் அதைத் தொடுவாரில்லை என்று அவர் பிற்காலத்தில் சொல்லிக்கொள்வார்.

பெரிய போராட்டம் இதற்குப் பின்தான் வந்தது. கணக்குப் பிள்ளைகளும் சரக்கறை மேலாளர்களும் இயற்கணிதக் குறிகளைக் கண்டு அஞ்சுவதை அவர் அறிவார். அவர்களுக்கு ஆங்கிலச் சொற்களால் ஆன மொழி வேண்டும் என்றார். கணிப்பொறிக்கு ஆங்கிலம் தெரியாது என்று நிருவாகத்தார் தள்ளிவிட்டனர். எழுத்தும் ஒரு குறிதானே. கூட்டல் குறியை இயந்திரம் எண்ணாக மாற்றிக்கொள்ளுமானால் சொல்லையும் மாற்றிக்கொள்ளும் என்று அவர் விளக்கினார். சொல்லிப் பயனில்லை என்று கண்டு, 1955 இல் இருபது ஆங்கில வாக்கியங்களைக் கொண்டு ஒரு சிறு மாதிரியைச் செய்து காட்டினார். இன்னும் நன்றாக விளங்கட்டும் என்று அதே கட்டளைகளைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் கொடுத்து ஓட்டினார். வந்தது வினை! பிலடெல்பியாவில் செய்த அமெரிக்கக் கணிப்பொறிக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படித் தெரியும் என்று மேலிடத்தார் திகைத்தனர். ஆங்கிலம் மட்டுமே என்று உறுதி கூறி அவர்களைத் தேற்ற வேண்டியதாயிற்று. இயந்திரத்திற்கு எம்மொழியும் ஒன்றே என்பதைப் படித்த பெரியவர்களுக்குப் புரியவைக்க அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. அம்மொழிக்கு ஃபுளோமேட்டிக் என்று பெயர்.

இதற்கிடையில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் 1957 இல் ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டனர். வாய்பாடுகளை ஏறக்குறைய நாம் நோட்டில் எழுதுவது போலவே எழுதலாம். பொறியாளரும் விஞ்ஞானிகளும் அதைக் கொண்டாடினர். அப்படியானால் ஹாப்பரின் மொழி எதற்கு? இந்த இடத்தைச் சற்று நின்று பார்ப்போம். எந்த மொழி சிறந்தது என்ற சண்டை முதலில் மூண்டது இங்கேதான்.

பாலம் எவ்வளவு சுமை தாங்கும் என்று கணக்கிடுபவருக்கு வேண்டியது இயற்கணித அறிவு. அவர் மொழி ஃபோர்ட்ரான். ஆயிரம் ஊழியர்க்குச் சம்பளம் போடுபவருக்கு வேண்டிய திறமை வேறு. பேரேட்டை ஒழுங்காக வகுக்கத் தெரியவேண்டும்; பெயருக்கு எத்தனை எழுத்து, தொகைக்கு எத்தனை இலக்கம் என்று முன்கூட்டியே வரையறுக்க வேண்டும்; காசு ஒன்றும் பிறழக் கூடாது. கணிப்பொறி உள்ளுக்குள் கையாளும் இரண்டின் அடிமான முறையில், பத்தில் ஒரு பங்கு என்பதையே முடிவாக எழுத இயலாது. அது தொடர்ந்துகொண்டே போகும். பாலத்துக்கு அது பொருட்டன்று; வட்டிக் கணக்குக்குப் பெரும் பொருட்டு. ஆகவே வாணிக மொழி, நாம் எழுதும் பத்தின் முறையிலேயே தொகைகளைக் காக்கவேண்டியிருந்தது.

1959 மே 28, 29 ஆம் நாட்களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, அரசு அலுவலர்களையும் கணிப்பொறி நிறுவனத்தாரையும் கூட்டியது. நிறுவனத்துக்கு நிறுவனம் மொழி வேறுபட்டதால், கணிப்பொறியை மாற்றும்போதெல்லாம் ஆணைகளை முதலிலிருந்து எழுதும் வீண்செலவு ஏற்பட்டது. எல்லாக் கணிப்பொறிக்கும் பொதுவான வாணிக மொழி ஒன்று வேண்டும் என முடிவாயிற்று. அதுவே கோபால். (நம் ஊர்க் கோபால் என்று எண்ணிவிட வேண்டாம்; ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து அப்படி அமைந்தது!) கோபாலின் தாய் ஹாப்பர் என்று எழுதுவது வழக்கம். உண்மையில் அதை வரைந்த சிறு குழுவில் அவர் இல்லை. ஜீன் சாமட், கெர்ட்ரூடு டியர்னி என்ற இரு பெண்மணிகள் இருந்தனர். ஹாப்பர் மேற்குழுவுக்கு ஆலோசகர். ஆனால் கோபாலுக்குப் பெரும்பாலும் அடிப்படையாய் அமைந்தது அவருடைய ஃபுளோமேட்டிக்கே. 1960 டிசம்பரில், ஒரே கோபால் ஆணைத்தொடரை ஆர்.சி.ஏ. கணிப்பொறியிலும் யூனிவாக் கணிப்பொறியிலும் ஓட்டி ஒரே விடையைப் பெற்றுக் காட்டினர்.

கோபாலைப் பழித்தவரும் உண்டு. டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர், அதைப் பயன்படுத்துவது அறிவையே முடமாக்கும் என்று 1975 இல் கடுமையாக எழுதினார். அவர் சொன்னதில் ஓரளவு நியாயம் உண்டு. சொற்கள் மிகுதி, இரண்டு எண்ணைக் கூட்ட ஒரு வாக்கியம். ஆங்கிலம் தெரிந்தவரெல்லாம் ஆணைத்தொடர் எழுதிவிடலாம் என்ற நம்பிக்கையும் முழுதும் பலிக்கவில்லை. படிப்படியாக எண்ணிப் பார்க்கும் பழக்கமில்லாதவருக்கு எம்மொழியும் கைகொடுக்காது. எனினும், எழுதியவர் ஓய்வுபெற்ற பின்னும் அடுத்தவர் படித்துத் திருத்தக் கூடியதாக அம்மொழி இருந்தது. 2020 ஏப்ரலில், வேலையிழந்தோர்க்கு உதவித்தொகை வழங்கும் பழைய கணிப்பொறிகள் திணறியபோது, கோபால் அறிந்தோர் உதவிக்கு வரவேண்டும் என்று நியூஜெர்சி மாநில ஆளுநர் வேண்டுகோள் விடுத்தார். அறுபதாண்டு மொழிக்கு அப்படியொரு தேவை!

நம் போன்ற பள்ளிகளின் வாசகர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றை இங்கே சொல்லாமல் போவதற்கில்லை. அமெரிக்காவில் கணிப்பொறி அறிவியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி ஒரு கன்னியர். அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் 1965 இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்று, அயோவா மாநிலத்துக் கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையைத் தொடங்கி இருபதாண்டு நடத்தினார். கைக்குழந்தையோடு வரும் தாய்மாரையும் வகுப்பில் அமர்த்திக் கற்பித்தார். 1964 இல் டார்ட்மத் கல்லூரியில் பிறந்த பேசிக் என்ற எளிய மொழி, கணிதம் படிக்காத மாணவரும் பழகட்டும் என்றே அமைக்கப்பட்டது. ஆக மூன்று மொழிகள், மூன்று வகை மனிதர்கள்.

இன்றைய இணையத்திலும் இதே நிலைதான். எச்.டி.எம்.எல். பக்கத்தின் எலும்புக்கூடு; அதற்கு வேண்டியது ஒழுங்கும் பொறுமையும், கணிதமன்று. சி.எஸ்.எஸ். அதற்கு உடுத்தும் ஆடை. கோலம் போடத் தெரிந்த கைக்கு எளிதில் வரும். பார்ப்பவரின் கருவியிலேயே இயங்கி, பொத்தானை அழுத்தியதும் பதில் சொல்வது 1995 இல் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ட். பெயர் ஒத்திருப்பதால் ஜாவாவும் அதுவும் ஒன்றென்று மயங்குவோர் பலர், இரண்டும் வேறு. நாம் காணாத தொலைவிலுள்ள கணிப்பொறியில் இருந்துகொண்டு, பேரேடுகளைத் தேடி எடுத்துப் பக்கம் தொடுத்து அனுப்பும் வேலைக்குப் பி.எச்.பி.யும் பைத்தானும். சம்பளப் பட்டியலுக்குக் கோபால் கேட்ட அதே திறமையை, தகவலை வகுத்து வைக்கும் திறமையை, இவை கேட்கின்றன. பயிற்சி நிலைய விளம்பரத்தில் எது பெரிய எழுத்தில் இருக்கிறது என்று பார்ப்பதைவிட, என்ன வேலை, யார் பயன்படுத்துவர், பின்னால் யார் திருத்துவர் என்று ஹாப்பர் அம்மையார் போலக் கேட்டுப் பார்க்கும் மாணவி விரைவில் விடை காண்பாள்.

அம்மையாரின் பிற்கால வாழ்வு அவருடைய ஓய்வுகளின் வரலாறு எனலாம்! 1966 இறுதியில், 60 வயதில் கடற்படை ஓய்வு கொடுத்தது. 1967 ஆகஸ்டில் ஆறு திங்களுக்கு என்று திரும்ப அழைத்தது. நெல்லைத் தமிழும் கோவைத் தமிழும் போல, நிறுவனந்தோறும் கோபால் வட்டார வழக்காகத் திரிந்துகொண்டிருந்தது. எது உண்மைக் கோபால் என்று சோதித்துப் பார்க்கும் முறைகளை வகுத்துக் கடற்படை முழுவதற்கும் பொதுவாக்குவது அவர் பணி. அந்த ஆறு திங்கள் முடியவே இல்லை. 1969 இல் தகவல் துறை மேலாளர் சங்கம் முதன்முதலாக வழங்கிய ஆண்டின் சிறந்த மனிதர் விருது அவருக்குக் கிடைத்தது. ஆங்கிலப் பெயரில் அது ஆண்டின் சிறந்த ஆண்மகன்! 1983 இல் கொமடோர், 1985 இல் ரியர் அட்மிரல். 1986 ஆகஸ்டு 14 ஆம் நாள், பாஸ்டன் துறைமுகத்தில் கான்ஸ்டிடியூஷன் என்னும் பழம்பெரும் கப்பலின் தளத்தில் இறுதி ஓய்வு பெற்றபோது வயது 79. அப்போதும் வீட்டில் இருக்கவில்லை. டிஜிட்டல் நிறுவனத்தின் ஆலோசகரானார்.

ஊர் ஊராகச் சென்று இளைஞர்களுக்குச் சொற்பொழிவாற்றுவதே அவருக்கு உயிர். கைப்பை நிறையக் கம்பித் துண்டுகள் கொண்டு செல்வார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். நூறு கோடியில் ஒரு பங்கு விநாடியில் மின்சாரம் செல்லக் கூடிய மிகுதியான தொலைவு அது. விண்கோள் வழியே செய்தி வரத் தாமதம் ஏன் என்று கேட்ட தளபதிகளுக்கு, இங்கும் அங்கும் இடையே இத்தகைய துண்டுகள் எத்தனை என்று காட்டி விளக்குவார். அவருடைய அலுவலகச் சுவரில் இடப்புறமாகச் சுற்றும் கடிகாரம் ஒன்று தொங்கும். வழக்கம் அதுவன்று என்பவர், சிறிது நேரம் பார்த்தால் அதிலும் மணி சரியாகவே தெரிவதைக் காண்பர்.

1992 ஜனவரி முதல் நாள், 85 வயதில், ஆர்லிங்டன் நகரில் அவர் காலமானார். படை மரியாதையுடன் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். 1997 இல் கடற்படையில் சேர்ந்த போர்க்கப்பல் ஒன்று ஹாப்பர் என்ற அவர் பெயரைத் தாங்குகிறது. 2016 இல் குடியரசுத் தலைவர் ஒபாமா, நாட்டின் உயர்ந்த குடிமக்கள் விருதை அவருக்கு மறைவுக்குப் பின் அளித்தார்.

1999 டிசம்பர் 31 இரவைக் காணும்வரை வாழவேண்டும் என்பது அவருடைய ஆசை. கணிப்பொறியால் இதெல்லாம் ஆகாது என்று சொன்னவர்களை அன்று நினைத்துச் சிரிக்கலாம் என்று எண்ணியிருந்தார். அது நிறைவேறவில்லை. அந்த இரவில், அக்காலத்து நினைவகம் விலைமிகுந்தது என்பதால் ஆண்டை இரண்டே இலக்கத்தில் குறித்து வைத்த பழைய ஆணைத்தொடர்களைத் திருத்தி முடித்துவிட்டு, உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் கணிப்பொறிகளின் முன் விழித்திருந்தனர். அவர்களுள் நம் சென்னையில் கோபால் கற்ற இளைஞரும் இளம்பெண்களும் இருந்தனர்.